கேஸ் கம்மியா இருக்கு சார்: ஒரு இன்வெர்ட்டர் ஏசியின் கோடைக் கணக்கு

ஏசிக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியதும் என் மைத்துனன் ஆரம்பித்துவிட்டான். "மாமா, உங்க வீட்டு ஏசி நல்லாத்தானே ஓடுது? அதையே வாங்கிடவா?" ஓடுகிறது, வாங்கு என்று இரண்டு வார்த்தையில் முடித்திருக்கலாம். அப்போதுதான் அதற்கு ஒரு பெரிய ரிப்பேர் பார்த்து முடித்திருந்தேன். வாய் அவ்வளவு சுலபமாக வரவில்லை.

1.5 டன், மூன்று ஸ்டார் இன்வெர்ட்டர் ஸ்பிளிட், ஆர்32 கேஸ், செம்புக் காயில். 2020-இல் வாங்கியது. வீடு சென்னையில் கொட்டிவாக்கம் பக்கம், கடற்கரைக்கு நடந்தே போகலாம். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. வேறு கம்பெனி ஏசி வைத்திருக்கும் அக்கம்பக்கத்து வீடுகளிலும் இதே புலம்பல்தான்.

மெஷினைப் பற்றிக் குறை சொன்னால் அநியாயம். அறை குளிர்ந்தபின் கம்ப்ரஸர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், நடுராத்திரியில் அது ஓடுகிறதா என்று காது வைத்துக் கேட்க வேண்டும். 26-இல் வைத்து ஃபேனை ஒன்றில் போட்டால் அக்னி நட்சத்திரத்திலும் போர்வை தேட வைக்கும். மின்கட்டணமும் முதல் கோடைகளில் பயப்படும்படி இல்லை. இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாப் மாறி, கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் சேர்த்துத் தீட்டுவார்கள் என்பது தமிழ்நாட்டில் ஏசி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றோம்.

எரிச்சல் சர்வீஸில்தான். அதிலும் ஒரே ஒரு வாக்கியத்தில். "கேஸ் கம்மியா இருக்கு சார்."

மார்ச் பிறந்தால் வாட்டர் சர்வீஸுக்குச் சொல்வோம். கம்பெனி ஆள் வருவார், ஜெட் பம்ப் வைத்துக் கழுவுவார், வெளியே இருக்கும் அவுட்டோர் யூனிட்டில் கேஸ் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டுவார், முகத்தைச் சுளிப்பார். அப்புறம் அந்த வாக்கியம். டாப்-அப்புக்கு 2,000க்குக் குறைந்து பில் வந்ததில்லை, அதன்மேல் சர்வீஸ் சார்ஜ், அதன்மேல் வரி. பணம் கொடுத்த கையோடு, வேலை திருப்தி என்று ஒப்புக்கொள்ள ஃபோனுக்கு வந்திருக்கும் 'ஹேப்பி கோட்' எண்ணையும் சொல்ல வேண்டும். அறை குளிர்ந்ததா என்று பார்ப்பதற்கு முன்பே அதைக் கேட்டு நிற்பார்கள்.

வீட்டில் பிரிட்ஜ் இருக்கிறது. அதற்குள்ளும் கேஸ்தான் சுற்றுகிறது. வருஷா வருஷம் யாராவது அதற்கு டாப்-அப் செய்கிறார்களா? கேஸ் எரிந்து தீரும் பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிவருவதுதான் அதன் வேலை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று ஒரே அர்த்தம். இதை வந்தவரிடம் கேட்டால், "கடலோரம் சார், அப்படித்தான் போகும்" என்றார் ஒருவர். உப்புக்காற்று அலுமினியத் தகடுகளை அரித்து வெள்ளைப் பொடியாக உதிர்க்கும், உண்மை. எங்கள் அவுட்டோரின் ஓரத்தில் அது நடந்தும் இருக்கிறது. அதற்காகக் கேஸ் காற்றோடு கரைந்து போய்விடாது. காயில் ஓட்டை என்றால் எங்கே என்று காட்ட வேண்டும் அல்லவா? "அதுக்கு மெஷினைக் கழட்டணும் சார், ரெண்டு நாள் ஆகும்." கோடை வெயிலில் இரண்டு நாள் என்றால் எந்த வீட்டில் சம்மதிப்பார்கள்? அதை நம்பித்தான் இந்த வியாபாரமே ஓடுகிறது.

கசிவைக் குளிர்ச்சி குறைவதற்கு முன்பே மின்வாரிய பில் காட்டிக்கொடுத்துவிடும் என்பது பிற்பாடுதான் புரிந்தது. கேஸ் குறையும்போது இன்வெர்ட்டர் கம்ப்ரஸரால் வேகத்தைக் குறைக்க முடியாது. வைத்த டிகிரியை எட்ட முழு மூச்சில் ஓடிக்கொண்டே இருக்கும். இன்வெர்ட்டருக்காகக் கூடுதலாகக் கொடுத்த பணம் அங்கே வீண். அப்புறம் இன்டோர் காயிலின் ஒரு பகுதியில் மட்டும் பனி கட்டும். உருகிச் சொட்டும். ஃபில்டர் அடைத்திருந்தாலும் பனி கட்டும் என்பதால், அதைக் கழுவிப் போட்டு ஒரு நாள் பார்த்துவிட்டு ஆளைக் கூப்பிடுவது நல்லது.

கடைசியில் எங்கள் தெருமுனையில் கடை வைத்திருக்கும் பாயைக் கூப்பிட்டோம். கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டிய சட்டை கிடையாது, ஹேப்பி கோட் கிடையாது. வந்ததும் கேஜைத் தொடவே இல்லை. இன்டோரைச் சற்றுத் தூக்கி, பின்னால் இரண்டு குழாய்களும் சேரும் இடத்தில் சுற்றியிருந்த டேப்பையும் ஃபோமையும் பிரித்தார். குழாய்களை இணைக்கும் பிளேர் நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு. "கேஸு போற எடத்துல கம்ப்ரஸர் ஆயிலும் கூடவே வரும் சார். இதப் பாக்க மெஷின் எதுக்கு? டேப்ப அவுத்தா போதும்." சோப்பு நுரையைத் தடவினார். குமிழி மெதுவாக உப்பி வந்தது. அந்த டேப் 2020-இல் சுற்றிய அதே டேப். இத்தனை கோடைகளில் ஒருவரும் அதைப் பிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், உங்கள் வீட்டுக்கு வருபவரிடம் கேட்க உதவும். மிச்சக் கேஸை வெளியேற்றினார். விரிசல் விட்ட குழாய் முனையை வெட்டி, நட்டில் பொருந்தும்படி விரித்துப் புதிதாகப் பிளேர் போட்டார். இன்னும் கசிகிறதா என்று பார்க்க நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்தபோது கேஜ் முள் இருந்த இடத்திலேயே இருந்தது. பின்பு வேக்யூம் பம்ப் போட்டு, குழாயில் காற்றும் ஈரமும் மிஞ்சாமல் உறிஞ்சினார். கடைசியாக, சிலிண்டரைத் தராசில் வைத்து எடை பார்த்து ஏற்றினார். எங்கள் அவுட்டோர் ஸ்டிக்கரில் 760 கிராம் என்று போட்டிருக்கிறது. எல்லா ஏசியிலும் அதனதன் எடை போட்டிருக்கும், போய்ப் பாருங்கள். கேஜைப் பார்த்து உத்தேசமாக ஏற்றுவது வேறு, இது வேறு. ஆர்32 லேசாகத் தீப்பற்றும் வகை என்பதால், கேஸ் இருக்கும் குழாயின் பக்கம் யாராவது பற்றவைப்பு டார்ச்சைக் கொண்டுவந்தால் நிறுத்திவிடுங்கள்.

எல்லாம் சேர்த்து 3,800 ரூபாய். கம்பெனியின் இரண்டு டாப்-அப் பில்லுக்குக்கூட ஈடாகாது.

மற்றச் செலவுகள் சில்லறைதான். வாட்டர் சர்வீஸ் பாய் கடையில் 500, கம்பெனியில் வரியோடு 800-ஐத் தொடும். ஏஎம்சி, அதாவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம், போடுங்கள் என்று போனில் கெஞ்சுவார்கள். லேபர் மட்டும் அடங்கும் திட்டத்தில் கேஸும் பார்ட்ஸும் வெளியே, பிறகு எதற்கு? ஒரு மழைக்காலத்தில் அவுட்டோர் போர்டுக்குள் பல்லி புகுந்து, தானும் கருகி போர்டையும் கருக்கியது. அந்தப் போர்டுக்கு (பிசிபி) ஐந்து வருட வாரண்டி இருந்தது. பூச்சி, பல்லி அதில் வராதாம். புதிய போர்டுக்கு 8,000க்கு மேல் சொன்னார்கள். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கொடுத்து 1,800க்குச் சரிசெய்து வந்தேன், இன்னும் ஓடுகிறது. கம்ப்ரஸருக்குப் பத்து வருட வாரண்டி என்று இன்டோர் நெற்றியில் பெரிதாக ஒட்டியிருக்கிறார்கள். கெட்டுப்போகாத ஒரே பாகம் அதுதான்.

கோபம் தணிந்து யோசித்தால், கசிவு மெஷினுடையது இல்லை. நிறுவிய அன்றே வந்த வினை. அன்று வந்த பையன்கள் வேக்யூம் பம்ப் கொண்டுவரவில்லை. அவுட்டோரில் இருக்கும் கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டுக் குழாயிலிருந்த காற்றைத் தள்ளினார்கள். நட்டைக் கையளவுக்கு முறுக்கி டேப் சுற்றிவிட்டு, அடுத்த வீட்டுக்கு லேட்டாகிறது என்று ஓடினார்கள். இலவச இன்ஸ்டலேஷன்.

அதனால் மைத்துனனிடம், ஸ்பிளிட்டே வேண்டாம், விண்டோ ஏசி வாங்கு என்றேன். அதில் பிளேர் நட் இல்லை. தொழிற்சாலையிலேயே மூடி வருகிறது. சத்தம் போடும், போடட்டும். அவன் ஃபிளாட் ஜன்னலில் கிரில் போட்டிருக்கிறதாம், அசோசியேஷன் வெட்ட விடாதாம். சரி, அப்படியானால் இதே மாடலை வாங்கு, இதைவிட நல்ல மெஷின் இந்த விலையில் நான் பார்த்ததில்லை என்றும் சொல்லிவிட்டேன். மாட்டுகிற அன்று ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் இரு, வேக்யூம் பம்ப் இல்லாமல் வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பு, அந்த ஹேப்பி கோட் எண்ணை மட்டும் அறை குளிர்கிறவரை சொல்லாதே.