யூடெவ் ரூல்ஸ்: ரெண்டு போர்டை வெச்சு ஒரு வருஷம் யூஸ் பண்ணதுல

என் டெபியன் லினக்ஸ் மெஷின்ல ரெண்டு ஆர்டுயினோ குளோன் (சின்ன கன்ட்ரோலர் போர்டு) எப்பவும் சொருகியே இருக்கும், ஒண்ணு 3டி பிரிண்டருக்கு, இன்னொண்ணு மொட்டைமாடி டேங்க்ல தண்ணி எவ்ளோ இருக்குன்னு பாக்க. ரீபூட் பண்ணா எது யூஎஸ்பி0 எது யூஎஸ்பி1னு மாறிடும், பிரிண்டருக்கு போக வேண்டிய கமாண்ட் டேங்க் போர்டுக்கு போகும். இதுக்காகத்தான் யூடெவ் பக்கம் போனேன்.

புதுசா ஒரு டிவைஸ் வந்தா கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) சேதி சொல்லும், அதுக்கு என்ன பேரு, யாரு தொடலாம்னு ரூல்ஸ் ஃபைலை பாத்து முடிவு பண்றது யூடெவ். 2003ல இருந்து இருக்கு, 2012ல சிஸ்டம்டி (லினக்ஸ்ல சர்வீஸ்களை ஓட்டுறது) சோர்ஸ்லயே சேத்துட்டாங்க.

என் ரெண்டு போர்டுலயும் சிஹெச்340ங்கிற யூஎஸ்பி-சீரியல் சிப், வெண்டார் ஐடி 1ஏ86, ப்ராடக்ட் ஐடி 7523, சீரியல் நம்பரே கிடையாது, அதனால போர்டை வெச்சு பிரிக்க வழியே இல்ல, எந்த யூஎஸ்பி ஓட்டையில சொருகியிருக்குங்கிறதை வெச்சுத்தான் சிம்லிங்க் (மாறாத இன்னொரு பேரு) குடுத்தேன். அதோட பிரச்சினை தீந்துச்சு, ஓட்டையை மட்டும் மாத்தக்கூடாது.

பெர்மிஷன் டினைட்னு வந்தா ரூல்ல மோட் 0666 போடுன்னு நிறைய பேர் சொல்வாங்க, தயவுசெஞ்சு போடாதீங்க, மெஷின்ல ஓடுற எந்த ப்ராசஸும் அந்த டிவைஸ்ல எழுதலாம்னு ஆயிடும். சீரியல் போர்ட்டை தொட அனுமதி உள்ள டயல்அவுட் குரூப்ல உங்க யூசரை சேத்துட்டு லாக்அவுட் பண்ணி உள்ள வாங்க, போதும் (ஆர்ச் லினக்ஸ்ல அந்த குரூப் பேரு யூயூசிபி). இன்னும் நல்ல வழி ரூல்ல யூஅக்சஸ்னு டேக் போடறது, அந்த மெஷின் முன்னாடி உக்காந்து லாகின் பண்ணியிருக்கிறவருக்கு மட்டும் அனுமதி குடுக்கும். ஆனா உங்க ரூல்ஸ் ஃபைல் பேரு 73க்கு கீழ உள்ள நம்பர்ல ஆரம்பிக்கணும், ஏன்னா அந்த டேக்கை எடுத்து வேலை செய்யறதே 73ஆம் நம்பர் ஃபைல்தான். நான் 99னு வெச்சு ஒரு சாயந்திரம் முழுக்க போச்சு, எரர்னு ஒரு வரி கூட வரல.

எனக்கு இதுல பெரிய குறை அதுதான், தப்புன்னா வாயே திறக்காது. ரூல்ல மேட்ச் பண்ண ரெண்டு ஈக்வல் (==), செட் பண்ண ஒண்ணு (=), மாத்தி போட்டா அவ்ளோதான். எழுதறதுக்கு முன்னாடி யூடெவ்அட்ம் இன்ஃபோ கமாண்டை ஓட்டி டிவைஸோட அட்ரிப்யூட் எல்லாம் பாருங்க, எழுதின பிறகு யூடெவ்அட்ம் டெஸ்ட், எந்த ஃபைல் எந்த வரி பொருந்துச்சுன்னு காட்டும். ரூல்ல ஸ்கிரிப்டை ஓட்டச் சொல்ற ரன்ல ரொம்ப நேரம் ஓடுற ஸ்கிரிப்ட் வைக்காதீங்க, ஈவன்ட் முடிஞ்சதும் கொன்னுடும், அதுக்கு சிஸ்டம்டி சர்வீஸ் எழுதிக்கோங்க.

5க்கு 4 குடுப்பேன், அந்த ஒண்ணு அந்த சாயந்திரத்துக்காக.