தையல் மேசைக்கு வாங்கிய சிஆர்ஐ 95 எல்இடி விளக்கு

அரக்கு நிறப் பட்டுப் புடவைக்குக் கடையில் கச்சிதமாகப் பொருந்திய ரவிக்கைத் துணி, வீட்டு முற்றத்து வெயிலில் விரித்ததும் வெறும் பழுப்பாக நின்றது. அதற்குப் பிறகே இந்த 9 வாட் விளக்கை வாங்கினேன்.

கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. அங்கே எரிந்தது போன்ற சாதாரண வெள்ளை எல்இடி, ஏறக்குறைய 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியோடு, அந்த நீலம் பாஸ்பர் பூச்சில் பட்டு எழுப்பும் மஞ்சளையும் கலந்து வெண்மையாகத் தோன்றுகிறது. அடர் சிவப்பு அதில் மிகக் குறைவு. விளக்கு தராத சிவப்பை அரக்குப் பட்டு எங்கிருந்து எதிரொளிக்கும்? அதனால் புடவையே அங்கே பழுப்பேறித் தெரிந்திருக்கிறது. நம் விழித்திரையின் மூன்று வகைக் கூம்பு செல்கள் வந்து சேரும் ஒளி முழுவதையும் மூன்றே அளவுகளாகச் சுருக்கிவிடுவதால், வெவ்வேறு சாயமேற்றிய இரு துணிகள் ஒரு விளக்கடியில் இரட்டையராகவும் வெயிலில் அந்நியராகவும் தோன்றுவது இயல்பே.

வாங்குவோர் அட்டையில் உள்ள சிஆர்ஐ எண்ணோடு, அதாவது விளக்கு நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்பதற்கு நூறுக்குத் தரும் மதிப்போடு, நின்றுவிட வேண்டாம். அது அடர்த்தி குறைந்த எட்டு மாதிரி நிறங்களை வைத்துக் கணக்கிட்ட சராசரி. அடர் சிவப்புக்கான ஒன்பதாவது மாதிரி அதில் சேராது. அதன் மதிப்பை ஆர்9 என்று தனியே குறிப்பிட்டிருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். நான் வாங்கியதில் அது 90 என்றும், நிற வெப்பநிலை (வெண்மை மஞ்சள் சாய்ந்ததா, நீலம் சாய்ந்ததா என்பதைச் சொல்லும் அளவு) 5000 கெல்வின் என்றும் அச்சிட்டிருந்தது.

ஒரு மாதப் பயன்பாட்டில் அரக்கு, குங்குமச் சிவப்பு, மாம்பழ மஞ்சள் ஆகியவற்றுக்கு இந்த விளக்கடியில் தேர்ந்த நூல் எதுவும் வெயிலில் ஏமாற்றவில்லை. மயில்கழுத்துப் பட்டு மட்டும் சாய்க்கச் சாய்க்க நிறம் மாறுகிறது. பாவும் ஊடும் வெவ்வேறு நிறமாக இருக்கும் நெசவுக்கு விளக்கு பொறுப்பாகாது.

குறைகளும் உண்டு. அதே வாட் கொண்ட என் பழைய சாதாரண எல்இடி பல்பைவிட வெளிச்சம் சற்றுக் குறைவு. சிவப்பைக் கூட்டுவதற்குக் கொடுக்கும் விலை அது. வெள்ளைத் துணிகளில் சேர்க்கப்படும் வெண்மையூட்டிகள் புற ஊதா ஒளியை வாங்கி நீலமாக உமிழ்பவை. இந்த விளக்கில் புற ஊதா இல்லாததால் வெள்ளைச் சட்டைக்கு நூல் தேட இன்னமும் வாசலுக்குத்தான் போகிறேன். அறையின் பழைய டியூப்லைட்டையும் சேர்த்து எரியவிட்டால் அதன் ஒளியும் கலந்துவிடும். நிறம் பார்க்கும்போது அதை அணைத்துவிடுவது நல்லது.