மண்ணடி டிராவல்ஸ்ல மெல்போர்ன் டிக்கெட்: தலைய சுத்தி மூக்க தொட்ட கதை

5க்கு 3 ஸ்டார். கடை பேரு வேணாம், மண்ணடி மெட்ரோல இறங்கி ரெண்டு சந்து தள்ளி மாடில இருக்கு, ஏரியாகாரங்களுக்கு தெரிஞ்சிருக்கும்.

அம்மாவ ஜூன் மாசம் மெல்போர்ன்ல இருக்குற தம்பி வீட்டுக்கு அனுப்பணும், அவங்களுக்கு 63 வயசு, முட்டி வலி வேற. போன்ல தூரம் காட்டுற ஆப்ல பாத்தா சென்னைல இருந்து 8,800 கிலோமீட்டர் பக்கம், 11 மணி நேரம்னு போட்டிருந்தான். அது மேப்புல நூல் புடிச்சி அளந்து விமான வேகத்தால வகுக்குற கணக்கு, நேர் பிளைட்டே இல்லாத ஊருக்கு அத வெச்சி என்ன பண்றது, ஆனா நானும் அதையே மனசுல வெச்சிக்கிட்டு தான் கடைக்கு போனேன்.

"ஒரே ஸ்டாப் தாண்ணே, 6,000 ரூபா கம்மி"ன்னாரு கடைக்காரர். நானும் பணத்த கட்டிட்டேன். வீட்டுக்கு வந்து டிக்கெட்ட பிரிச்சா அம்மா கண்ணாடிய போட்டுக்கிட்டு படிக்கிறாங்க, ராத்திரி 9:45க்கு ஏறி காலைல 5:30க்கு இறங்கணும், "ஒரே ராத்திரில போயிடுவேனாடா?"ன்னு கேக்குறாங்க. 5:30 பக்கத்துல எறும்பு சைஸ்ல +2ன்னு இருந்துச்சி, அதாவது ஏறின தேதில இருந்து ரெண்டு நாள் கழிச்சி. அப்ப தான் உக்காந்து கூட்டினேன்: துபாய்க்கு 4¼ மணி நேரம், அங்க 9¾ மணி நேரம் காத்திருக்கணும், அப்புறம் 13¼. மொத்தம் 27½க்கு கால் மணி தான் கம்மி!

கிழக்க இருக்குற ஊருக்கு மேக்க போய் திரும்பி வரணும். தண்டையார்பேட்டைல இருந்து எண்ணூர் போறதுக்கு தாம்பரம் போய்ட்டு வந்த மாதிரி. கிட்டத்தட்ட 14,500 கிலோமீட்டர். சிங்கப்பூர் வழியா போனா 8,950 பக்கம் தான் வரும், ஏன்னா அது போற வழிலயே இருக்கு, சிங்கப்பூருக்கு 4 மணி நேரம், அங்கிருந்து ஏழரை எட்டு, நடுவுல மூணு மணி நேரம் உக்காந்தாலும் 15க்குள்ள முடிஞ்சிடும். மாத்த சொல்லி கேட்டா கேன்சல் சார்ஜே மிச்சம் புடிச்ச காச விட ஜாஸ்தி. அத முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல, அது தான் கோவம்.

அந்த +2 குழப்பத்துக்கு நேர வித்தியாசமும் சேந்துக்குது. ஜூன்ல மெல்போர்ன் நமக்கு 4½ மணி நேரம் முன்னாடி, அக்டோபர்ல கடிகாரத்த தள்ளி வெச்சதும் 5½ ஆயிடும், துபாய் நமக்கு 1½ பின்னாடி. டிக்கெட்ல எல்லாமே அந்தந்த ஊர் நேரம் தான், சும்மா கழிச்சி பாத்தா தப்பா தான் வரும்.

நல்லதையும் சொல்லணும். கேக்காமலே வீல்சேர் போட்டு குடுத்தாரு. காசிமேடு நெத்திலி கருவாடும் பருப்பு பொடியும் எடுத்துட்டு போறோம்னு சொன்னதும், "பிளைட்ல குடுக்குற கார்டுல சாப்பாட்டு பொருள் இருக்குன்னு டிக் பண்ணிடுங்கம்மா, மறைச்சா பைன் போடுவான்"ன்னு பேனாவால எழுதியே குடுத்தாரு. அம்மா அப்படியே பண்ணாங்க, பையில பாத்துட்டு விட்டுட்டான். ஏர்போர்ட்டுக்கு கார் வேணுமான்னு கேட்டப்போ அவரே வேணாம்னுட்டாரு, தண்டையார்பேட்டைல மெட்ரோ ஏறினா வண்டி மாறாம ஏர்போர்ட், ஒரு மணி நேரம் தான்.

வர்ற டிக்கெட் இன்னும் போடல. அவர்கிட்டயே தான் போடுவேன், ஆனா இந்த தடவ ரேட்டுக்கு முன்னாடி "வீட்டு வாசல்ல இருந்து வாசல் வரைக்கும் எத்தன மணி நேரம்ணே?"ன்னு கேட்டுட்டு தான் பர்ஸ எடுப்பேன்.