விட்னியா, சார்ல்ஸ்டனா?

வேர்களைத் தேடிப் புறப்படும் ஓர் அமெரிக்கக் கறுப்பினக் குடும்பம் முதலில் எங்கே போகலாம்?

லூசியானாவின் விட்னி கரும்புத் தோட்டம் 2014-இல் பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது. முதலாளியின் மாளிகையைவிட, அடிமைப்படுத்தப்பட்டவர்களின் மரக்குடில்களும் கல்லில் பொறித்த அவர்களின் பெயர்களும்தான் அங்கே முக்கியம். அந்தப் பெயர்களின் முன் பேச்சே வராது.

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் 2023-இல் திறந்த சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம், அடிமைக் கப்பல்கள் வந்திறங்கிய துறையிலேயே நிற்கிறது. அங்குள்ள குடும்ப வரலாற்று மையத்தில் மூதாதையரை ஆவணங்களில் தேடலாம். இது சின்ன விஷயமல்ல. 1850, 1860 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியல்களில் வயது உண்டு, பாலினம் உண்டு, பெயர் பெரும்பாலும் இல்லை. 1870-இல்தான் அவர்களின் பெயர்கள் ஏறின.

சரி, கொள்ளுத்தாத்தா பெயராவது தெரிந்தால் சார்ல்ஸ்டனுக்கே முதலில் போகலாம். பிள்ளைகளுக்கு அந்த மண்ணைக் காட்டத்தான் விட்னி.