அம்மாவின் முழங்காலுக்கு ஏற்ற வண்டி

சிங்கப்பூரிலிருந்து மதுரைக்கு வரும் எங்களைப் போன்ற குடும்பங்கள் விமான நிலையத்தில் இறங்கியதும் தேடுவது இன்னோவாவைத்தான். ஏழு பேர், எட்டுப் பெட்டி என்றால் இன்றும் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. இந்த முறை வந்தது நானும் மனைவியும் மகனும் மட்டும். ஊரில் அம்மா. நாலு பேருக்கு எதற்கு அவ்வளவு பெரிய வண்டி என்று ஒரு டிராவல்ஸில் பி.எம்.டபிள்யூ எக்ஸ்1 டீசல் கேட்டுப் பார்த்தேன், டிரைவரோடு கிடைத்தது. வாடகை இன்னோவாவைப்போல இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் சிங்கப்பூரில் இந்த வண்டியை வாங்குவது எங்களுக்கு எட்டாத காரியம். அங்கே கார் வாங்க முதலில் ஏலத்தில் உரிமைச் சான்றிதழ் எடுக்க வேண்டும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் மட்டுமே 1,50,000 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) தாண்டியது, அதுவும் 10 ஆண்டுக்குத்தான். ஊரிலாவது கொஞ்ச நாள் இதில் போவோமே என்ற ஆசையும் சேர்ந்துகொண்டது.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. அத்தான் வீட்டு செடானில் ஏறும்போது குனிந்து, பள்ளத்தில் இறங்குவதுபோல உட்கார வேண்டும். இறங்கும்போது ஒருவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டும். இன்னோவாவில் அதற்கு நேர்மாறு, கைப்பிடியைப் பற்றி மேலே ஏற வேண்டும். எக்ஸ்1-இன் பின் இருக்கை அவருடைய இடுப்பு உயரத்துக்குச் சரியாக இருந்தது. கதவைத் திறந்ததும் வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றார், சேலையை ஒதுக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார், இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பிக்கொண்டார். "நானே ஏறிட்டேன்ப்பா" என்று சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். வாடகைப் பணம் எனக்கு அங்கேயே செரித்துவிட்டது.

காலை நீட்டவும் இடம் இருந்தது. அதற்குக் காரணம் எஞ்சின். 2009-இல் வந்த முதல் எக்ஸ்1-இல் எஞ்சினை நீளவாக்கில் வைத்து, பின் சக்கரங்களை ஓட்டும்படி செய்திருந்தார்கள். 2015-இல் வந்த இரண்டாம் தலைமுறையில் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி முன் சக்கரத்துக்கு மாற்றினார்கள். மூக்கில் மிச்சமான இடம் உள்ளே உட்காருபவர்களுக்குக் கிடைத்தது. நாங்கள் போனது மூன்றாம் தலைமுறை, இந்தியாவில் 2023-இல் வந்தது. செங்கல்பட்டு பக்கத்து ஆலையில்தான் பாகங்களைச் சேர்த்து வண்டியாக்குகிறார்கள். நீளம் 4.5 மீட்டர், இன்னோவா கிரிஸ்டாவைவிட ஏறக்குறைய முக்கால் அடி குறைவு.

ஆனால் அகலத்தில் குறைவில்லை, கிரிஸ்டாவைவிட ஒரு விரல் கூடவே இருக்கும். அதனால் விளக்குத்தூண் பக்கம், மாசி வீதிகளில் கடை நேரத்தில் இந்த வண்டியைக் கொண்டுபோவதில் அர்த்தமே இல்லை. மீனாட்சியம்மன் கோயிலுக்கு ஆட்டோதான் சரி.

கொடைக்கானல் பாதையில்தான் வண்டியின் குணம் தெரிந்தது. வாடிப்பட்டி, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு வரை சும்மா வழுக்கிக்கொண்டு போனது. மலை ஏற ஆரம்பித்ததும், பஸ்ஸை முந்தும் இடங்களில் 360 நியூட்டன் மீட்டர் இழுவை என்றால் என்னவென்று புரிந்தது. கியர் போட்டு உறுமும் சத்தம் இல்லை. வழக்கமாக டம் டம் பாறை வருவதற்குள் பாலிதீன் பை கேட்கும் அம்மா, அருவியைப் பார்க்க வண்டியை நிறுத்தச் சொன்னார். இதில் பாதிப் பெருமை டிரைவருக்கு, வளைவுகளில் அத்தனை நிதானம். 2024 மே முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டும். அதையும் அவரே முதல் நாள் இரவு எடுத்து வைத்திருந்தார்.

குறையும் உண்டு. டயரின் பக்கச்சுவர் குட்டை, சஸ்பென்ஷனும் இறுக்கம். வெள்ளைக் கோடு போடாத வேகத்தடையில் ஏறினால் இடுப்பில் நன்றாகத் தெரிகிறது. அந்த விஷயத்தில் இன்னோவாவே மேல்.

உயரமாக இருக்கிறதே, காட்டுப் பாதையிலும் போகும் என்று நினைத்துவிட வேண்டாம். தே. கல்லுப்பட்டி பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் போனபோது முதல் நாள் மழை பெய்திருந்தது. கண்மாய்க் கரையிலிருந்து கோயில் வரை கரிசல் மண், இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். டிரைவர் இறங்கிச் செருப்பால் மண்ணை அழுத்திப் பார்த்தார். "சார், முன் வீல் ரெண்டும் இழுக்குற வண்டி. இதுல விட்டா டிராக்டர்தான் வரணும். முள்ளு கிழிச்சா பெயிண்டும் போயிரும்" என்றார். அவர் சொன்னதுதான் நியாயம். அம்மாவைச் சித்தப்பா மகனின் பழைய பொலேரோவில் ஏற்றிக் கூட்டிப்போனோம்.

கடைசியில் பில் வந்தபோதுதான் மனக்கசப்பு. வண்டி மதுரையில் நிற்பதில்லையாம், திருச்சியிலிருந்து வந்ததாம். 'ஷெட் டு ஷெட்' என்று போக வர 270 கிலோமீட்டரையும் எங்கள் கணக்கில் ஏற்றியிருந்தார்கள். புக் பண்ணும்போது இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் பேசியதை எல்லாம் எடுத்துக் காட்டிய பிறகு பாதியைக் குறைத்தார்கள். இப்படிப்பட்ட வண்டி எடுப்பவர்கள் அது எந்த ஊரில் நிற்கிறது, கிலோமீட்டர் எங்கிருந்து ஓடும், டிரைவர் பேட்டா தனியா என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

முகூர்த்த நாட்களில் மாப்பிள்ளை அழைப்புக்கே இந்த வண்டிகள் போய்விடுகின்றன. ஆடியில் கல்யாணம் இல்லை, சுலபமாகக் கிடைக்கும் என்றார் டிரைவர். அம்மாவுக்கு ராமேஸ்வரம் போக வேண்டுமாம். ஜூலைக் கடைசியில் லீவு கேட்டிருக்கிறேன்.