ஜேம்ஸ்டவுன்: ஒரே பெயரில் இரண்டு இடங்கள், எதை எப்படிப் பார்ப்பது?

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ஆங்கிலேயர்கள் அங்கே நிலைத்துநின்ற முதல் குடியேற்றமான ஜேம்ஸ்டவுன் பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்தப் பெயரில் அருகருகே இரண்டு இடங்கள் இருக்கின்றன என்பதை. ‘ஜேம்ஸ்டவுன் செட்டில்மென்ட்’ மாநில அரசின் அருங்காட்சியகம். 1957-இல், குடியேற்றத்தின் 350-ஆவது ஆண்டையொட்டித் திறந்தது. அங்குள்ள கப்பல்கள், கோட்டை, அந்த மண்ணின் பூர்வகுடிகளான பவ்ஹாட்டன் மக்களின் ஊர் எல்லாமே மாதிரிகள். சில நிமிடக் கார் தூரத்தில் இருக்கும் தீவுதான் ‘ஹிஸ்டாரிக் ஜேம்ஸ்டவுன்’. 1607 மே மாதம் ஆங்கிலேயர்கள் இறங்கிய மண் அது. மாதிரிக் கோட்டையில் படம் எடுத்துக்கொண்டு, பார்த்தாயிற்று என்று பலர் ஊர் திரும்பிவிடுகிறார்கள். தீவைப் பார்க்காமல் வந்தால் போனதில் பாதிப் பயன்கூட இல்லை.

காலையில் செட்டில்மென்ட், அது முடிந்ததும் தீவு; இந்த வரிசைதான் சரி. தீவில் தரைக்கு மேல் எஞ்சியிருப்பது கொஞ்சம். கோட்டையின் உருவம் ஏற்கெனவே மனதில் இருந்தால்தான் அந்தக் கொஞ்சமும் பிடிபடும். செட்டில்மென்ட்டில் கப்பல்களுக்கு நேரம் கொடுங்கள். சூசன் கான்ஸ்டன்ட் 120 டன், காட்ஸ்பீட் 40, டிஸ்கவரி வெறும் 20. 1606 டிசம்பரில் லண்டனை விட்ட 144 பேர் இந்த மூன்றிலும் அடைந்துகொண்டு நாலரை மாதம் வந்தார்கள். கீழ்த்தளத்தில் இறங்கிப் பார்த்தால் அதன் பொருள் புரியும். பராமரிப்புக்காக ஏதாவது ஒரு கப்பல் துறையில் இல்லாமல் போவதும் உண்டு, முன்பே விசாரித்துவிடுங்கள்.

தீவில் நேராகக் கோட்டைக்குப் போய்விடலாம். ஜேம்ஸ் ஆறு அரித்துக்கொண்டு போய்விட்டது என்றே நெடுங்காலம் நம்பப்பட்ட கோட்டை இது. 1994-இல் தொல்லியலாளர் வில்லியம் கெல்சோ தோண்டத் தொடங்கியபோது, மண்ணில் வரிசையாகக் கரிய வட்டக் கறைகள் தெரிந்தன. கோட்டைச் சுவராக நட்ட மரம் மக்கினாலும் அது நின்ற இடத்து மண் நிறம் மாறியே கிடக்கும். அந்தத் தடத்தைப் பின்பற்றித்தான் முக்கோணக் கோட்டையின் அளவு உறுதியானது: ஆற்றுப்பக்கம் சுமார் 420 அடி, மற்ற இரு பக்கங்களும் 300 அடி. இப்போது நிற்கும் மரவேலி அதே கோட்டின் மேல் நட்டது.

இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள், ஏன் செத்தார்கள் என்ற இரண்டு கேள்விக்கும் அங்கேயே விடை இருக்கிறது. கப்பலைக் கரையோரமே கட்டும் அளவுக்கு ஆழம், எதிரிகளான ஸ்பானியரைத் தூரத்திலேயே பார்த்துவிடும் வசதி. ஆனால் கோடையில் ஆற்றின் வரத்து குறைந்தால் கடல்நீர் புகுந்து உப்பு ஏறிவிடும். ஆழமில்லாத கிணற்றுக்கும் அதே கதி. போதாததற்கு 1606 முதல் 1612 வரை கடும் வறட்சி என்று அப்பகுதி சைப்ரஸ் மரங்களின் ஆண்டு வளையங்கள் காட்டுகின்றன. 1609-10 பனிக்காலப் பஞ்சத்தில் சுமார் 300 பேரில் 60 பேர்தான் தேறினார்கள்.

அந்தப் பஞ்சத்தின் சாட்சி தீவிலேயே உள்ள ஆர்க்கியேரியம் என்ற அருங்காட்சியகத்தில் இருக்கிறது: ‘ஜேன்’ என்று பெயரிடப்பட்ட 14 வயதுப் பெண்ணின் மண்டையோடு. 2012-இல் ஒரு நிலவறைக் குப்பையில் கிடைத்தது. நெற்றியில் தயங்கித் தயங்கி வெட்டிய தடங்கள், இறந்தபின் அவள் உடல் உணவானதைச் சொல்கின்றன. சிறு பிள்ளைகளோடு போனால் அந்த அறையைப் பெரியவர்கள் முதலில் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

1619 ஜூலை 30-இல் முதல் சட்டசபை கூடிய தேவாலய இடத்தைப் பார்த்தபின், கிழக்கே, கோட்டைக்கு வெளியே வளர்ந்த ஊரான நியூ டவுன் பக்கம் நடங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்களில் ஒருத்தியான ஏஞ்சலா வாழ்ந்த மனை அங்கேதான். சட்டசபை கூடிய அதே கோடையின் கடைசியில்தான் முதல் ஆப்பிரிக்கர்கள் வர்ஜீனியாவில் இறக்கப்பட்டார்கள்; இந்த இரண்டையும் ஒரே நடையில் பார்ப்பதுதான் நியாயம். அங்கே தெரியும் செங்கல் அடித்தளங்கள் பழையவை அல்ல; அசல் மண்ணுக்கடியில் பத்திரமாக இருக்கிறது, மேலே இருப்பது அடையாளத்துக்கு. இதை இன்னும் பளிச்சென்று எழுதி வைக்கலாம்.

கட்டண விஷயத்தில் தீவு சற்றுக் குழப்பம். நிலம் தேசியப் பூங்கா சேவைக்கும் பிரிசர்வேஷன் வர்ஜீனியா அமைப்புக்கும் பிரிந்திருப்பதால், தேசியப் பூங்கா ஆண்டு பாஸ் முதல் பங்கை மட்டுமே ஈடுகட்டும். மீதியைத் தனியாகக் கட்ட வேண்டும். செட்டில்மென்ட் சீட்டு இங்கே செல்லாது. நிழல் குறைவு, சதுப்பு பக்கத்திலேயே என்பதால் கோடையில் கொசு மருந்து, தொப்பி, தண்ணீர் மூன்றும் கட்டாயம். பெருமழைக்கு மறுநாள் போகாதீர்கள், தாழ்ந்த இடங்களில் தண்ணீர் நிற்கும்.

வில்லியம்ஸ்பர்க்கிலிருந்து வரும் கலோனியல் பார்க்வேயில் பெட்ரோல் பங்க் கிடையாது. தொட்டியை நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். தெற்கிலிருந்து வருகிறவர்கள் ஜேம்ஸ் ஆற்றின் தென்கரையில் ஸ்காட்லாந்து என்ற துறையில் காரோடு படகேறலாம், கட்டணமில்லை. வேலை விடும் நேரத்தில் மட்டும் வரிசை நீளும்.