‘ராணுவத் தரம்’ வாக்கி-டாக்கி: பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள்

குரல் தெளிவு அருமை, பேட்டரி அதைவிட அருமை, பெட்டியில் அச்சிட்டிருக்கும் ‘ராணுவத் தரப் பாதுகாப்பு’ வெறும் பேச்சு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கடையொன்றில் எங்கள் கோவில் குழு வாங்கிய டிஜிட்டல் வாக்கி-டாக்கிகள் பற்றி என் தீர்ப்பு இதுதான். கடற்படையில் ரேடியோ தொடர்பைக் கவனித்து ஓய்வு பெற்றவன் என்பதால், காவடிக்கும் தீமிதிக்கும் இப்படிப்பட்ட சாமான்கள் வாங்கும் வேலை என் தலையில்தான் விழுகிறது.

வாங்கியதில் தவறில்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கைபேசி எந்த லட்சணத்தில் வேலை செய்தது என்பது டர்பனில் எங்கள் சாட்ஸ்வர்த் பகுதியில் எல்லாருக்கும் தெரியும். ஐந்து வாட் கருவி. சமதரையில் கணீரென்று கேட்கிறது. உம்ஹ்லதுசானா ஆற்றை நோக்கி இறங்கினால் குரல் அறுந்துபோகிறது. மேட்டில் ஒருவரை நிறுத்தி, செய்தியைக் கைமாற்றிச் சமாளிக்கிறோம். இத்தனை வாட்டுக்கு, இங்கே தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் இக்காசா அமைப்பின் உரிமம் வேண்டும். கடையில் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

“அங்கிள், இது ஏஇஎஸ் 256. அமெரிக்க ராணுவமே இதைத்தான் நம்புகிறது” என்றார் கடைக்காரர். பொய்யில்லை. அமெரிக்க அரசு 2001இல் தரநிலையாக ஏற்ற குறியாக்க முறை, அதாவது தகவலை அடுத்தவருக்குப் புரியாதபடி மாற்றும் முறை அது. 2003இல் அதி ரகசியத் தகவல்களுக்கும் அனுமதித்தார்கள். ஆனால் முறை ஊரறிந்தது. ரகசியமெல்லாம் கருவிக்குள் பதிக்கும் ‘சாவி’ என்ற ரகசிய எண்ணில்தான். கருவிகளை மடிக்கணினியில் இணைத்துப் பார்த்தால், எல்லாவற்றிலும் ஒரே சாவி. அதே கடையில் வாங்கிய தெருக்காவல் குழுவிடம் ஒரு கருவியை இரவல் பெற்று எங்கள் சேனலில் வைத்தேன். அன்னதானப் பந்தியில் பருப்பு தீர்ந்த சேதி அட்சரம் பிசகாமல் வந்தது!

கையேடு பெருமையடிக்கும் ‘தனிமைக் குறி’ இன்னும் வேடிக்கை. அது உங்கள் ஒலிபெருக்கியில் அடுத்தவர் பேச்சை அடக்குமே தவிர, உங்கள் பேச்சை மறைக்காது. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு சந்தையில் ரகசியம் பேசுவதைப் போன்றது.

போர்க்களத் தொடர்பில் குறியாக்கம் ஒரு பகுதிதான். அமெரிக்கத் தரைப்படையின் சின்கார்ஸ் ரேடியோ நொடிக்கு 111 முறை அலைவரிசை தாவும்; எங்கே ஒட்டுக்கேட்பது, எதை முடக்குவது என்று எதிரி திணற வேண்டும். நேட்டோ விமானங்களும் கப்பல்களும் பயன்படுத்தும் லிங்க் 16 தரவு இணைப்பு, நொடியை 128 துண்டுகளாக்கி, 51 அலைவரிசைகளில் தாவித் தாவித் தகவல் அனுப்புகிறது. சாவிகள் அடிக்கடி மாறும். கருவி எதிரி கையில் சிக்குமுன் அவற்றை உடனே அழிக்கவும் வழி உண்டு. எங்கள் கருவியோ ஒரே அலைவரிசையில் உட்கார்ந்திருக்கிறது. சாவியை அழிக்கக் கேபிளும் கணினியும் வேண்டும். 2022இல் உக்ரைனில் ரஷ்யப் படையினர் குறியாக்கமில்லாத சாதாரண ரேடியோக்களில் பேசியதை ஆர்வலர்கள்கூடப் பதிவு செய்தார்கள்.

எல்லாச் சாவிகளையும் மாற்றிவிட்டேன். நீங்களும் வாங்கிய அன்றே மாற்றுங்கள். கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைத் தேட, ஆம்புலன்ஸுக்கு வழிவிட, தாராளமாக வாங்கலாம். எந்த வீட்டுக்காரர் ஊரில் இல்லை என்று பேசும் காவல் குழுக்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். இடுப்பில் மாட்டும் கிளிப் சீக்கிரம் உடைகிறது. கூடுதலாக இரண்டு கேட்டு வாங்குங்கள்.